உங்களுக்குத் தெரியுமா? மைனாவும் தட்டும் 300 வெள்ளியும்

கேலாங் சிராய் சந்தையின் மேல்மாடி உணவங்காடியில் ஆள் எழுந்து போன மேசைக்கு முதலில் வருவது பெரும்பாலும் மைனாதான். தட்டில் ஒட்டியிருக்கும் நாலு பருக்கைச் சோறு அதற்குக் கூலி. பலன் கிடைத்த செயல் திரும்பவும் நடக்கும் என்பதை எலிகளையும் புறாக்களையும் பெட்டிக்குள் வைத்து ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர். இதில் ஒரு வேடிக்கை: பலன் எப்போதாவது மட்டுமே கிடைத்தால் பழக்கம் இன்னும் கெட்டிப்படும். பத்து மேசை ஏமாற்றினாலும் பதினோராவதை மைனா விடாது.

மனிதர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர்.

சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்கும்படி சிங்கப்பூரில் பல ஆண்டுகள் கேட்டுப் பார்த்தார்கள். 2021 தொடக்கத்தில்கூட, உணவங்காடிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தட்டுகளே திரும்பின. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் சட்டம் பாய்ந்தது: முதல்முறை எழுத்துபூர்வ எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி அபராதம். திரும்பிய தட்டுகள் பிறகு 90 விழுக்காட்டை ஒட்டி நின்றன.

அபராதம் மட்டும் காரணமல்ல. பக்கத்து மேசைப் பாட்டி தட்டோடு நடக்கும்போது, எதிரே இருப்பவர் சும்மா எழுந்து போகக் கூசுவார். பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தே நடத்தையைக் கற்கிறார்கள் என்று 1961இல் ஒரு பொம்மையை வைத்துச் செய்த சோதனை மூலம் காட்டினார் உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா.

மைனாவுக்கு இரக்கப்பட்டுச் சோறு போடும் எண்ணமிருந்தால் கவனம்: அனுமதியின்றி வனவிலங்குகளுக்கு உணவிடுவது 2020 முதல் சிங்கப்பூரில் குற்றம்.