கணிப்பொறித் தொழிலும் திறந்த தரநிலையும்

நமது நாட்டில் 1958-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மெட்ரிக் எடை முறை நடைமுறைக்கு வரத் தொடங்கியது. அதுவரை வட்டாரத்திற்கு வட்டாரம் படியும் மரக்காலும் வேறுபட்டிருந்தன. ஓர் ஊரின் அளவை மற்றோர் ஊரில் செல்லாததால், வெளியூர்ச் சந்தைக்கு வரும் சிறு விவசாயியே பெரும்பாலும் நட்டமடைந்தான். பொது அளவை ஒன்று சட்டமாக்கப்பட்ட பிறகே வாங்குபவனும் விற்பவனும் ஒரே மொழியில் பேச முடிந்தது. கணிப்பொறித் துறையில் 'திறந்த தரநிலை' எனப்படுவது ஆற்றும் பணியும் இத்தகையதே.

இயக்கமுறையும் அதன் பூட்டும்

கணிப்பொறியின் நினைவகம், வட்டு, அச்சுப்பொறி ஆகியவற்றை நிர்வகித்து, பிற மென்பொருள்கள் செயல்பட இடமளிப்பது இயக்கமுறையாகும். தொடக்க காலத்தில் ஒவ்வோர் உற்பத்தியாளரும் தமது இயந்திரத்திற்கென ஓர் இயக்கமுறையை உருவாக்கிக் கொண்டனர். ஒன்றுக்காக எழுதப்பட்ட மென்பொருள் மற்றொன்றில் இயங்காது. எனவே ஒரு நிறுவனத்தின் பொறியை வாங்கிய அலுவலகம், பத்தாண்டுகள் கழித்தும் அந்நிறுவனத்திடமே செல்ல நேர்ந்தது. விலை உயர்ந்தாலும் விலக இயலாது. விலகினால் மென்பொருள்களைப் புதிதாக எழுதவும் ஊழியர்களுக்கு மீண்டும் பயிற்சி அளிக்கவும் வேண்டும். பொருளியல் நோக்கில், இது மாற்றச் செலவினால் விளையும் ஏகபோகம் எனலாம்.

இப்பூட்டைத் தளர்த்தியது யூனிக்ஸ். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் இதனை உருவாக்கத் தொடங்கினர். 1973-இல் இது 'சி' என்னும் மொழியில் திருத்தி எழுதப்பட்டதால், ஒரு வகைப் பொறியிலிருந்து மற்றொரு வகைப் பொறிக்கு இதனை மாற்றுவது எளிதாயிற்று. ஆயினும் ஒவ்வொரு நிறுவனமும் அதில் தன் விருப்பப்படி மாற்றங்கள் செய்தமையால், பெயர் ஒன்றாகவும் உள்ளீடு பலவாகவும் ஆகும் நிலை தோன்றியது. இதனைச் சீர்செய்ய 1988-இல் 'போசிக்ஸ்' என்னும் தரநிலை வெளியிடப்பட்டது. மென்பொருள் இயக்கமுறையிடம் எவ்வாறு பணி கேட்க வேண்டும் என்பதை அது வரையறுத்தது. உள்ளே அப்பணி எவ்வாறு நிறைவேற்றப்படுகிறது என்பதை உற்பத்தியாளரின் திறமைக்கே விட்டுவிட்டது.

மைசூரும் வங்கிகளும்

இந்திய அனுபவம் இவ்வகையில் படிப்பினை மிக்கது. 1978-இல் ஐ.பி.எம். நிறுவனம் நாட்டை விட்டு வெளியேறிய பின், உள்நாட்டு நிறுவனங்கள் கணிப்பொறி உற்பத்தியில் முனைந்தன. எச்.சி.எல்., டி.சி.எம்., விப்ரோ ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. விப்ரோ தனது ஆராய்ச்சிப் பிரிவைப் பெங்களூரிலும் தொழிற்சாலையை மைசூரிலும் அமைத்தது. அதன் முதல் சிறு கணிப்பொறி 1980-களின் தொடக்கத்தில், அமெரிக்க நிறுவனம் ஒன்றிடமிருந்து பெற்ற தொழில்நுட்ப உரிமத்தின் அடிப்படையில் உருவானது.

அப்போது மிகப் பெரிய வாடிக்கையாளர்களாக முன்வந்தவை பொதுத்துறை வங்கிகள். வங்கிப் பணிகளை இயந்திரமயமாக்குவது குறித்து ஆராய, டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு 1984-இல் அறிக்கை அளித்தது. தொடர்ந்து வங்கிகள் வாங்கிய கணிப்பொறிகளுக்கு யூனிக்ஸ் இயக்கமுறை ஒரு நிபந்தனையாயிற்று. இதன் விளைவாக, வங்கிகளுக்கு விற்க விரும்பிய உற்பத்தியாளர்கள் தமது தனி இயக்கமுறைகளை ஒதுக்கி, யூனிக்ஸைத் தம் பொறிகளில் பொருத்த முற்பட்டனர்.

மைசூர் வட்டாரத்தில் ராமாபுரம் போன்றதொரு சிற்றூரில் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் விவசாயிக்கு இயக்கமுறையின் பெயர் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பொறி பழுதடைந்தாலும், விற்ற நிறுவனம் மூடப்பட்டாலும், அவரது கணக்கு அழியாமல் வேறொரு பொறிக்கு மாற்றப்பட வேண்டும். அவ்வுறுதி ஒரு தனி நிறுவனத்தின் நல்லெண்ணத்தைச் சார்ந்திருத்தல் ஆகாது. பொதுப்பணத்தில் வாங்கப்படும் பொறிக்குத் திறந்த தரநிலை கோரப்படுவதன் அடிப்படை நியாயம் இதுவே.

நன்மையும் விலையும்

தரநிலையை ஏற்றதால் உற்பத்தியாளருக்கும் பயன் விளைந்தது. முழு இயக்கமுறை ஒன்றை முதலிலிருந்து எழுதும் பெருஞ்செலவு குறைந்தது. இந்தியப் பொறியாளர்கள் யூனிக்ஸிலும் 'சி' மொழியிலும் பெற்ற தேர்ச்சி, பின்னர் மென்பொருள் ஏற்றுமதிக்கு உறுதுணையாயிற்று.

எனினும் கதவு இருபுறமும் திறக்கும். தரநிலை பொதுவானதாயின் அயல்நாட்டுப் பொறியும் அதே மென்பொருளை இயக்கும். 1991-க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது, உள்நாட்டுப் பொறிகள் விலையிலும் தரத்திலும் நேரடியாகப் போட்டியிட வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் எச்.சி.எல். ஹியூலெட்-பக்கார்டுடன் கூட்டுச் சேர்ந்தது. தரநிலை வாங்குபவனைக் காக்குமேயன்றி, உற்பத்தியாளனைப் போட்டியிலிருந்து காக்காது. உள்நாட்டுத் தொழிலை வளர்க்க வேறு கொள்கைகள் வேண்டும்.

எழுத்தும் உட்பொருளும்

வாங்குபவரின் நிபந்தனையே உற்பத்தியாளரை அசைக்கிறது என்பதற்கு உலக அளவிலும் சான்றுகள் உள்ளன. அமெரிக்க மத்திய அரசு 1988-இல் போசிக்ஸைத் தனது கொள்முதல் தரமாக ஏற்றது. அதன் பின் பெரும் நிறுவனங்களும் இணங்கின. ஐ.பி.எம்.மின் பெருங்கணிப்பொறி இயக்கமுறையே 1996-இல் யூனிக்ஸ் சான்று பெற்றது. அதே வேளையில், 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி.யில் போசிக்ஸின் அடிப்படைப் பகுதி மட்டுமே சேர்க்கப்பட்டிருந்தது. வலையமைப்பு வசதியோ திரைச் சாளர வசதியோ அதன்வழி கிட்டாமையால், நடைமுறையில் அதற்குப் பயன் குறைவு. ஒப்பந்தப் புள்ளியில் 'தரநிலைக்கு இணங்கியது' என்னும் சொற்றொடரைக் கண்டு அலுவலர் நிறைவடைந்துவிடலாகாது என்பதை இது காட்டுகிறது. எந்தப் பகுதிக்கு இணக்கம், யார் சோதித்தது, நமது மென்பொருள் மற்றொரு பொறியில் இயங்கிக் காட்டப்பட்டதா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை பெறுதல் வேண்டும்.

வெளியிடப்பட்ட தரநிலையின் மற்றொரு சிறப்பு, அதனை எவரும் கற்றுப் பின்பற்றலாம் என்பதாகும். பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டார்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் இதற்குச் சான்று. அதன் அடிப்படையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயக்கமுறை 2007-இல் வெளியிடப்பட்டது. மின்னாளுமைக்கான திறந்த தரநிலைக் கொள்கையை மத்திய அரசு 2010 நவம்பரில் அறிவித்தது.

கொள்கை அறிவிப்பது முதற்படியே. படியும் மரக்காலும் சட்டத்தின் மூலம் மட்டும் மறைந்துவிடவில்லை; எடைக்கற்களைச் சோதித்து முத்திரையிட்ட ஆய்வாளர்களும் தேவைப்பட்டனர். கணிப்பொறிக் கொள்முதலில் அப்பொறுப்பு, கோப்பில் கையெழுத்திடும் ஒவ்வோர் அலுவலரையும் சார்ந்தது.