ஐஸ் பெட்டிக்குள் தண்ணீர் தேங்குவது ஏன்?

மாணவர்களே, உங்கள் வீட்டு ஐஸ் பெட்டியில் இவற்றில் எதையாவது பார்த்ததுண்டா? காய்கறித் தட்டின் அடியில் காலையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஃப்ரீசரின் தரையில் கண்ணாடிப் பலகை போல ஐஸ் படிந்திருக்கிறது. மேலே மீன் கல்லாக உறைந்திருக்க, கீழே பால் திரிந்துபோகிறது. பார்ப்பதற்கு இவை மூன்று வெவ்வேறு கோளாறுகள். பெரும்பாலும் அடிப்படை ஒன்றுதான்: உள்ளே நுழைந்த ஈரம் வெளியேற வழியில்லை.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

காம்பாரில் வாழ்பவர்களுக்கு 30 பாகை செல்சியஸ் வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் புதிதல்ல. அப்படிப்பட்ட காற்று ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 24 கிராம் நீராவியைச் சுமக்கிறது. ஃப்ரீசருக்குரிய -18 பாகையில் அதே அளவு காற்றால் ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் சுமக்க முடியும். மீதி முழுவதும் பனியாகப் படிய வேண்டியதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 லிட்டர் ஃப்ரீசர் என்றால் 0.1 கன மீட்டர். அது காலியாக இருந்து, கதவைத் திறக்கும்போது உள்காற்று முழுவதும் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை திறந்தால் 2 கிராமுக்கு மேல் நீர் உள்ளே போகும். நாளுக்கு 20 முறை என்றால் ஒரு வாரத்தில் ஏறக்குறைய 300 கிராம், அதாவது ஒரு பெரிய குவளைத் தண்ணீர்!

அந்தத் தண்ணீர் எங்கே போக வேண்டும்?

பனி கட்டாத வகைப் பெட்டிகளில், ஃப்ரீசரின் பின்பலகைக்கு உள்ளே குளிர்ச்சுருள் மறைந்திருக்கும். ஒரு சிறு காற்றாடி அதன் மீது காற்றை ஓட்டி, குளிரை மேலும் கீழும் அனுப்புகிறது. ஈரம் அந்தச் சுருளில்தான் பனியாகப் படியும். பனிக்குள் காற்று சிக்கியிருப்பதால் அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே பனி தடிக்கத் தடிக்கக் குளிர்ச்சி குறையும்.

இதைத் தவிர்க்க, குறிப்பிட்ட இடைவெளிகளில் கம்ப்ரசர் நின்று, சுருளுக்கு அருகிலுள்ள சூடேற்றி சில நிமிடங்கள் இயங்கும். உருகிய நீர் ஒரு சிறு துளை வழியாகக் குழாயில் இறங்கி, பின்புறம் கம்ப்ரசருக்கு மேலுள்ள தட்டில் விழும். கம்ப்ரசரின் சூட்டில் அது ஆவியாகிவிடும். அடுப்படிக் காற்றிலிருந்து வந்த ஈரம் அடுப்படிக்கே திரும்புகிறது.

எங்கே தடை?

முதலாவது, வடிகால் துளை அடைபடுவது. உணவுத் துணுக்கோ ஐஸோ அதை மூடிவிட்டால், உருகிய நீர் வழிந்து ஃப்ரீசர் தரையில் உறையும். அல்லது கீழே ஒழுகிக் காய்கறித் தட்டில் தேங்கும். குளிர்ச்சி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

இரண்டாவது, சூடேற்றியோ அதை இயக்கும் உணரியோ பழுதாவது. அப்போது பனி உருகாமல் சுருள் முழுவதையும் மூடிக் காற்றின் வழியை அடைக்கும். சுருளுக்கு அருகிலுள்ள ஃப்ரீசர் சில நாள் தாக்குப்பிடிக்கும். தொலைவிலுள்ள கீழ்ப்பகுதி முதலில் சூடாகும். மீன் கல்லாகவும் பால் கெட்டும் இருப்பதன் காரணம் இதுதான். பின்பலகையில் வெண்பனி படிந்திருந்தால் சந்தேகம் உறுதியாகும்.

பழுது பார்ப்பவரை அழைக்கும் முன்

வீட்டுப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு இவற்றை வரிசையாகப் பாருங்கள்.

1. காற்றுத் துவாரங்களைப் பொட்டலங்கள் மறைத்திருக்கின்றனவா?

2. கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடி, மெல்ல இழுங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ஈரக்காற்று நுழைகிறது. அழுக்கைச் சோப்பு நீரால் துடைத்தாலே சில நேரம் சரியாகிவிடும்.

3. பெட்டி சுவரோடு ஒட்டியிருக்கிறதா? பின்புறக் குழாய்களில் தூசி அப்பியிருக்கிறதா? உள்ளிருந்து எடுத்த வெப்பம் வெளியேற இடம் வேண்டும்.

4. ஒரு குவளை நீரில் வெப்பமானியை வைத்து, கீழ்ப்பகுதியில் ஓர் இரவு விடுங்கள். காலையில் 4 பாகை அல்லது அதற்குச் சற்றுக் கீழே காட்ட வேண்டும்.

5. காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கம்ப்ரசரின் ரீங்காரம் கேட்டும் காற்றாடிச் சத்தம் நெடுநேரம் கேட்கவில்லை என்றால் காற்றாடியில் கோளாறு இருக்கலாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'டக்' என்ற ஒலி மட்டும் கேட்டால் கம்ப்ரசர் தொடங்கத் திணறுகிறது. இவை இரண்டும் பழுது பார்ப்பவரின் வேலை.

பொறுமை ஏன் தேவை?

அடைப்பை நீக்க முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். உணவை ஐஸ் போட்ட பெட்டிக்கு மாற்றி, கதவைத் திறந்து, தரையில் துணி விரித்து, ஒரு நாள் விட்டுவிடுங்கள். நான்காம் படிவ இயற்பியலில் படிக்கும் உள்ளுறை வெப்பம் இங்கேதான் வருகிறது. 0 பாகையிலுள்ள 1 கிலோ ஐஸை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் தேவை. அதே வெப்பம் 1 கிலோ நீரை 0 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடாக்கப் போதும்!

இந்தப் பிடிவாதத்தால்தான் ஐஸ் ஒரு காலத்தில் கடல் கடந்தது. 1833-இல் 'டஸ்கனி' என்ற கப்பல் பாஸ்டனிலிருந்து 180 டன் ஐஸோடு புறப்பட்டது. நான்கு மாதம் கழித்து அது கல்கத்தாவை அடைந்தபோது ஏறக்குறைய 100 டன் மிஞ்சியிருந்தது. அதே வணிகர் டியூடரின் ஐஸைச் சேமிக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த 'ஐஸ் ஹவுஸ்' கட்டடம்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

அவசரப்பட்டுக் கத்தியால் ஐஸைக் குத்தாதீர்கள். ஓசோன் படலத்தைக் கெடுத்த பழைய குளிர்வாயுக்களைக் கைவிட 1987-இல் மாண்ட்ரியல் உடன்பாடு உருவானது. மலேசியா 1989-இல் அதில் இணைந்தது. இன்றைய வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் இருக்கிறது. ஓசோனுக்கு அது தீங்கு செய்யாது, ஆனால் தீப்பற்றக்கூடியது. குழாயில் ஓட்டை விழுந்தால் பெட்டி போவதோடு ஆபத்தும் வரும்.

துளை கண்ணுக்குத் தெரிந்தால், ஊசியில்லாத சிரிஞ்சால் வெதுவெதுப்பான நீரை அதில் மெல்லச் செலுத்துங்கள். பின்புறத் தட்டில் நீர் வந்து சேர்ந்தால் வழி திறந்துவிட்டது. துளை பின்பலகைக்குள் மறைந்திருந்தால் பலகையைக் கழற்ற முயல வேண்டாம். சில வாரங்களில் மீண்டும் அடைத்தாலும் பழுது பார்ப்பவரை அழைப்பதே சரி.

இதில் பணம் மட்டும் சம்பந்தப்படவில்லை. 5 பாகைக்கு மேல் கிருமிகள் வேகமாகப் பெருகத் தொடங்கும். உருகிச் சூடேறிய இறைச்சியை மீண்டும் உறையவைத்தாலும் கிருமிகள் சாகமாட்டா. தாத்தா பாட்டிக்கு வாங்கிவைத்த, இன்னும் திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகைக்குள் வைத்திருக்க வேண்டும். அது உறைந்துபோனாலும் பயன்படாது. ஆகவே இன்சுலின் இருக்கும் வீட்டில் ஒரு வெப்பமானி எப்போதும் பெட்டிக்குள் இருக்கட்டும்.

அடுத்த முறை ஐஸைக் கரைக்கும்போது சேர்ந்த நீரை அளந்து பாருங்கள். உங்கள் வீட்டில் கதவு ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணி, மேலே உள்ள கணக்கோடு ஒப்பிடுங்கள். அளந்த நீர் மிக அதிகமாக இருந்தால் முதலில் சோதிக்க வேண்டியது கதவின் ரப்பரைத்தான்.