பழைய ஸ்டேஷன் வேகனும் இழுவைப் பாரமும்

சென்னைக்குத் தெற்கே தாம்பரம், முடிச்சூர், வண்டலூர், படப்பை முதலிய இடங்களில் நிலமுடையோர், பழைய அமெரிக்க ஸ்டேஷன் வேகன் ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு, அதன் பின் டிரெயிலர் பூட்டிப் பால் பாத்திரங்களையும் உர மூட்டைகளையும் இழுத்துச் செல்லலாமா என ஆலோசிப்பதுண்டு. இழுக்கலாம். ஆனால் பணம் கொடுக்குமுன் வண்டியைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் சில விஷயங்களை அறிதல் அவசியம்.

இவ்வினத்தில் குடியானவருக்கு ஏற்றது, வில்லிஸ் கம்பெனியார் 1946-ஆம் வருஷத்தில் வெளியிட்ட ஜீப் ஸ்டேஷன் வேகனாகும். ரயில் நிலையத்தில் இறங்கும் பிரயாணிகளையும் அவர்தம் பெட்டிகளையும் ஏற்றிச் செல்ல ஏற்பட்டமையால் இவ்வகை வண்டிக்கு அப்பெயர் வந்தது. முன்னாளில் இவற்றின் கூட்டைப் பெரும்பாலும் மரத்தாலேயே கட்டினர். மழையும் கரையானும் மிகுந்த நம் நாட்டில் அவை நெடுநாள் நில்லா. புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் வடிவமைத்த இவ்வண்டியின் கூடோ முற்றும் எஃகு. எனினும் வாங்குவோர் கண்ணுக்குப் பழகியதை விட மனமின்றி, பக்கங்களில் மரப்பலகை போலவே வர்ணம் தீட்டி விற்றனர்! 1949-ல் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வகையும் வந்தது. இழுவைக்கு அதுவே சிறந்தது. அதன் தாழ்ந்த கியர், சேற்றுப் பாதையிலும் மெதுவாக, ஆனால் பலத்துடன் இழுக்கும். ஆரம்ப கால எஞ்சினின் சக்தி ஏறக்குறைய 60 குதிரை மட்டுமே. பம்பாயில் மஹீந்திரா கம்பெனியார் 1940-களின் பிற்பகுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கிப் பின்னர் நெடுங்காலம் அவ்வினத்தையே செய்து வந்தமையால், இத்தகைய யந்திரங்களைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகள் நம்மிடையே உளர்.

பாரம் ஏற்றும் முறையை மாட்டு வண்டி ஓட்டியவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலெழும். டிரெயிலரிலும் பின்பாரம் மிகுந்தால் அது வேகத்தில் பாம்புபோல் நெளிந்து முன்வண்டியையும் கவிழ்க்கும். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் அழுந்துமாறு மூட்டைகளை அடுக்குக. கொக்கியைப் பம்பரில் பற்றவைத்தல் பெருந்தவறு. அடிச்சட்டத்தில் போல்ட்டு கொண்டு முடுக்குதல் வேண்டும். கடலோரத்தில் நின்ற வண்டியாயின் அச்சட்டத்தின் பின்புறத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க. துரு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இழுப்பதைவிட நிறுத்துவதே கடினம். இவ்வண்டியின் பிரேக் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்க் குழாய்த் தொடரில் இயங்குவது. ஒரு சக்கரத்தில் கசிவு ஏற்பட்டால் நான்கும் கைவிடும். பின்னால் பிரேக் இல்லாத டிரெயிலர் தள்ளிக்கொண்டு வரும்போது, ஜி.எஸ்.டி. ரோட்டின் நெரிசலில் என்ன நேருமென்பதை ஊகித்துக் கொள்ளலாம். ஆதலின் லேசான பாரத்துக்கு மட்டுமே இதைக் கொள்க. டன் கணக்கில் நெல்லேற்ற டிராக்டர் இருக்கிறது.

இனிச் சட்டம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெயிலரும் ஒரு மோட்டார் வாகனமே. பிறர் மூட்டைகளைக் கூலிக்கு இழுத்தால் பெர்மிட் பற்றிய விதிகளும் குறுக்கிடும். இவற்றைவிட முக்கியமானது, 2021-ல் வந்த பழம்பெரும் வாகன விதி. ஐம்பது வருஷத்திற்கு மேற்பட்ட சொந்த வண்டிகளை இதன்கீழ்ப் பதிந்து, 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட எண் பலகை பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000, பதிவு 10 வருஷம் செல்லும். பெருமையான பலகைதான்! ஆனால் அவ்வண்டியை அன்றாட வேலைக்கோ வியாபாரத்துக்கோ சாலையில் ஓட்டலாகாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் ஊர்வலம், பெட்ரோல் நிரப்புதல், பழுது பார்த்தல் போன்றவற்றிற்கே அனுமதி உண்டு. மேலும் சட்டம், கூடு, எஞ்சின் ஆகியவை கணிசமாக மாற்றப்படாதிருத்தல் வேண்டும். பால் இழுக்க விரும்புவோர் இப்பலகையை நாடாமல், சாதாரணப் பதிவையே தகுதிச் சோதனையுடன் புதுப்பித்துக் கொள்ளவேண்டும்.

டீசல் எஞ்சின் மாற்றிய வண்டி விலைக்கு வந்தால், அம்மாற்றம் பதிவுச் சான்றில் ஏறியுள்ளதா என்று பார்த்து, சட்டத்தில் பொறித்த எண்ணுடன் ஒப்பிடுக. ஏறாதிருப்பின், விலை எவ்வளவு குறைவாயினும் அதை விட்டுவிடுக.