தோலின் நலமும் நாளாந்த உணவும்

பயிரின் இலையைக் கண்டு அதன் குறையை அறிவது கமக்காரருக்குக் கைவந்த கலையாகும். நெற்பயிரின் முதிர்ந்த இலைகள் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவென்று உணர்வர். சுண்ணாம்புத் தன்மை மிகுந்த யாழ்ப்பாணக் குடாநாட்டு மண்ணில் இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாய் நிற்க வெளிறினால், பயிருக்கு இரும்புச்சத்துக் கிட்டவில்லை என்று உணர்வர். மனிதரின் தோலும் இவ்வாறே உடலின் உட்குறையை வெளியே காட்டவல்லது. நாள்தோறும் பயிரின் இலையை உற்றுநோக்கும் கமக்காரர், வீட்டிலுள்ள சிறுவரின் தோலையும் அவ்வாறே உற்றுநோக்குதல் நன்று.

தோலின் மேற்பகுதி ஓயாது உதிர்ந்து, ஏறக்குறைய நான்கு வாரங்களில் முற்றும் புதிதாகின்றது. இவ்வேலைக்குப் புரதமும், நல்ல கொழுப்பும், உயிர்ச்சத்துக்களும், இரும்பு, நாகம் ஆகிய கனியுப்புக்களும் வேண்டும். இவை குறையும்போது தோல் வறண்டும், தடித்தும், வெடித்தும் போகின்றது.

தேரைத்தோல்

சில சிறுவருடைய முழங்கை, முழங்கால், தொடை ஆகிய இடங்களில் மயிர்க்கால்தோறும் சிறு முட்கள் போன்ற தடிப்புக்கள் எழுந்து, தோல் அரம்போற் சொரசொரப்பாயிருக்கும். கொழும்பிலே பணியாற்றிய மருத்துவ ஆராய்ச்சியாளர் லூசியஸ் நிக்கொல்ஸ் 1933இல் இதற்குத் 'தேரைத்தோல்' எனப் பொருள்படும் பெயரை இட்டார். உயிர்ச்சத்து ஏ குறைவதே இதற்குக் காரணமென்று அக்காலத்திற் கருதப்பட்டது. பிற்கால ஆய்வுகளால் பி தொகுதி உயிர்ச்சத்துக்களும், உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத சில கொழுப்பமிலங்களும் குறைவதும் இதற்குக் காரணமாகும் எனத் தெரிய வந்தது. தேரைத்தோலுடன் மாலைக்கண்ணும் காணப்படின், உயிர்ச்சத்து ஏ குறைந்துள்ளதென ஐயுற்று உடனே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

உடலில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறும் கரோற்றீன் என்னும் பொருள் முருங்கையிலை, பொன்னாங்காணி, அகத்தி, பூசணி, கரற், பப்பாசி, மாம்பழம் ஆகியவற்றில் உண்டு. பனங்களிக்கு மஞ்சள் நிறத்தை அளிப்பனவும் இவ்வினப் பொருட்களே. கொழுப்புடன் உண்டாலன்றி உடல் இதனை நன்கு ஏற்காது. ஆகவே தேங்காய்ப்பூச் சேர்த்து ஆக்கும் நம் கீரை வறை சிறந்த உணவாகும். மேலே கூறிய கொழுப்பமிலங்களுள் முதன்மையானது நல்லெண்ணெயில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பங்கு உண்டு. தேங்காயெண்ணெயிலோ 2 பங்களவே உண்டு. ஆதலின் சமையலில் நல்லெண்ணெயையும் இடையிடையே சேர்த்தல் நன்று.

வாய்க்கடை வெடிப்பும் வெயிற் கருமையும்

வாயின் இரு கடைகளும் வெடித்து, நா சிவந்து நோவதும், மூக்கின் ஓரங்களிற் செதில் எழுவதும் பெரும்பாலும் பி தொகுதி உயிர்ச்சத்துக் குறைவால் வருவன. இத்தொகுதியைச் சேர்ந்த நியாசின் குறைந்தால், வெயில்படும் கழுத்திலும் கைகளிலும் தோல் கருகித் தடித்து உரியும். தென்னிந்தியத் தக்காணத்தில் இறுங்கையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழை மக்களிடம் இந்நோய் காணப்படுவதை ஐதராபாத்தைச் சேர்ந்த கோபாலன், சிறிகாந்தியா ஆகிய ஆராய்ச்சியாளர்கள் 1960இல் எடுத்துக் காட்டினர். ஒரே தானியத்தை நம்பி, பருப்பும் மீனும் பாலும் இன்றி வாழ்வதன் கேட்டை இது உணர்த்துகின்றது.

புழுங்கலரிசி உண்ணும் நம் வழக்கம் இவ்வகையில் நற்பயன் தருவது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கடுத்த தவிட்டிலுள்ள உயிர்ச்சத்துக்களில் ஒரு பகுதி அரிசியினுட் செல்கின்றது. மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசியைத் தவிடு முற்றும் போகத் தீட்டாது உண்டால் பயன் மிகும். அரிசியைப் பன்முறை கழுவுவதாலும், வடித்த கஞ்சியைக் கொட்டிவிடுவதாலும் இச்சத்துக்கள் வீணாகின்றன.

ஆறாத காயமும் வெளிறிய தோலும்

உயிர்ச்சத்து சீ குறைந்தால் முரசிலிருந்து இரத்தம் கசியும். தோலின் கீழ் இரத்தப் புள்ளிகள் தோன்றும். மண்வெட்டி பட்ட சிறு காயமும் எளிதில் ஆறாது. நெல்லி, கொய்யா, தேசிக்காய், தக்காளி, பச்சை மிளகாய் ஆகியன இதனை மிகுதியாக அளிக்கும். இரும்புச்சத்துக் குறைந்தால் உள்ளங்கையும் கண்ணிமையின் உட்புறமும் வெளிறும். கீரை, பயறு வகைகளுடன் தேசிப்புளி சேர்த்து உண்டால் அவற்றிலுள்ள இரும்பை உடல் நன்கு ஏற்கும். உணவோடு தேநீர் அருந்துதல் இதற்குத் தடையாகும்.

கிரந்தி என்னும் எண்ணம்

உடலிற் சிறு கடி, சிரங்கு கண்டவுடன் கத்தரிக்காய், இறால், நண்டு, சில மீன்கள் ஆகியவற்றைக் 'கிரந்தி' எனக் கூறி முற்றாக விலக்குவது நம்மவர் வழக்கம். ஒரு குறித்த உணவை உண்ட சில மணி நேரத்துள் தடிப்பும் கடியும் ஒவ்வொரு முறையும் எழுமாயின், அவ்வுணவை அவருக்கு விலக்குதல் சரியே. ஆனால் காரணம் அறியாது வளரும் பிள்ளைக்கு மீனையும் முட்டையையும் பல மாதங்கள் நிறுத்திவிட்டால், புண் ஆறுவதற்கு வேண்டிய புரதமே இல்லாது போகும்.

உணவால் வராத நோய்கள்

இலையிலுள்ள புள்ளி யாவும் உரக்குறைவால் வருவதில்லை. பூச்சியாலும் பூஞ்சணத்தாலும் வருவதுண்டு. தோலும் அவ்வாறே. விரலிடுக்கில் இரவில் மிகுந்து கடிக்கும் சொறி ஒருவகைச் சிற்றுண்ணியால் வருவது. வீட்டிலுள்ள யாவரும் ஒருங்கே மருந்திட வேண்டும். படர்தாமரை பூஞ்சணத்தால் வருவது. கிருமிநாசினி தெளித்தபின் கையிலும் முகத்திலும் எரிவு தோன்றினால் அதற்கு மருந்து நஞ்சே காரணம். உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் தொழுநோயாக இருத்தல் கூடும். அது மருந்தாற் குணமாவது. கட்டிகளும் புண்களும் மீண்டும் மீண்டும் வந்தால் நீரிழிவு உண்டா எனச் சோதித்தல் வேண்டும். இவை யாவற்றுக்கும் காலந்தாழ்த்தாது அரசினர் வைத்தியசாலையை நாடுக.

செய்ய வேண்டியவை

1. தோட்டத்தில் விளையும் கீரையும் காய்கறியும் சந்தைக்குப் போகுமுன் வீட்டுக்கு வேண்டியதை எடுத்துவைக்குக. மிளகாய், வெங்காயம், புகையிலை மட்டும் செய்வோர் கிணற்றடியில் காற் பரப்பிலாவது கீரை, தக்காளி, பயிற்றை ஆகியவற்றைப் பயிரிடுக.

2. வேலியில் முருங்கையும் அகத்தியும், வளவில் பப்பாசி, கொய்யா, தேசி ஆகியவற்றில் ஒவ்வொன்றும் நடுக.

3. நெல் அறுவடைக்குப் பின் ஈரமுள்ள வயலிற் பயறு அல்லது உழுந்து விதைத்து, அதில் ஒரு பங்கை வீட்டுக்கு வைக்குக.

4. நெத்தலி, சூடை போன்ற விலைகுறைந்த சிறு மீன்களை வாரத்திற் பலமுறை சேர்க்குக. மரக்கறி உண்போர் பருப்பு, பால், எள், நிலக்கடலை ஆகியவற்றைக் கூட்டுக.

5. மீன், பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை ஆகியன சேர்ந்த ஒடியற்கூழ் பல சத்துக்களை ஒருங்கே தருவது. அதனை இடையிடையே ஆக்குக.

6. வைத்தியர் கூறாது உயிர்ச்சத்து ஏ மாத்திரைகளை உட்கொள்ளற்க. அளவு மிஞ்சின் அது நஞ்சாகும். கர்ப்பிணிகளுக்குப் பெருந்தீங்கு விளையும்.

உரமிட்ட மறுநாளே பயிர் பசுமையாவதில்லை. அதுபோல உணவு திருந்திய பின்னும் தோல் தேறச் சில வாரங்கள் செல்லும். பொறுமையுடன் தொடருதல் வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்குரிய விதை, நடுகை ஆகியன பற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெறலாம்.