காப்பிச் செடியும் கீலேட் உரங்களும்

காப்பிச் செடியில் தளிர் வெளுத்தும் இலை சிறுத்தும் வரக் கண்டால், கீலேட் என்னும் பெயரால் விற்கப்படும் நுண்சத்து உரத்தை உடனே வாங்கிவிடத் தோன்றும். அவ்வுரம் விலை மிகுந்தது. அது எந்நிலத்தில் பயன் தரும், எந்நிலத்தில் மழைநீரோடு வீணாகும் என்பதைச் சேர்வராயன், பழனி, நீலகிரி மலைகளிலுள்ள சிறு தோட்டக்காரர்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

கீலேட் என்பது நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. 1920-ல் மார்கன், ட்ரூ என்னும் இரசாயன அறிஞர் இருவர் இப்பெயரை வழங்கினர். நண்டு இரையைக் கவ்வுவதுபோல, ஒருவகைப் பொருள் உலோக அணுவைப் பல பக்கங்களிலும் பற்றிக்கொள்ளுகிறது. அவ்வாறு பற்றப்பட்ட இரும்பும் துத்தநாகமும் மண்ணில் உறைந்துபோகாமல் கரைந்த நிலையிலேயே வேரை அடைகின்றன. வேரின் மேற்புறத்தில் இரும்பு கொடுக்கினின்று விடுபட்டு உள்ளே செல்லும். கொடுக்கோ பெரும்பாலும் வெளியே நின்று, வேறோர் உலோகத்தைப் பற்றும். நிழல் மரங்களின் சருகு மக்கும்போது உண்டாகும் அமிலங்களும் இவ்வேலையைச் சிறிதளவு செய்கின்றன. சருகைக் கூட்டி எரிப்பவர் இந்த இலவசமான கீலேட்டை இழக்கிறார்.

கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது ஈ.டி.டி.ஏ. என்னும் வகை. அது எல்லா உலோகங்களையும் ஒரே வலிமையுடன் பற்றுவதில்லை. இரும்பை மிக உறுதியாகவும், தாமிரத்தை அடுத்தபடியாகவும், பின்னர்த் துத்தநாகத்தையும், மாங்கனீஸை இன்னும் தளர்வாகவும் பற்றும். காப்பி விளையும் மலை மண் இயல்பாகவே புளிப்புடையது. கரையும் இரும்பு அதில் நிறைய உண்டு. அம்மண்ணில் மாங்கனீஸ் கீலேட்டை இட்டால், மண்ணிலுள்ள இரும்பு மாங்கனீஸைத் தள்ளிவிட்டு அவ்விடத்தில் அமர்ந்துகொள்ளும். செடியோ இரும்பை மிகுதியாக உறிஞ்சும்; மாங்கனீஸ் குறை முன்னிலும் அதிகப்படவும் கூடும். துத்தநாகக் கீலேட்டுக்கும் ஓரளவு இக்கதியே நேரும்.

சுண்ணாம்பை அளவுக்கு மீறி இட்ட நிலத்தின் நிலைமை வேறு. கார அமில அளவு ஓர் எண் உயர்ந்தால் இரும்பின் கரைதிறன் ஆயிரத்தில் ஒரு பங்காகவும், துத்தநாகத்தின் கரைதிறன் நூற்றில் ஒரு பங்காகவும் குறைந்துவிடும். அங்கே கீலேட் மெய்யாகவே உதவும். ஆனால் ஏறக்குறைய 6.5-க்கு மேல் ஈ.டி.டி.ஏ. இரும்பை விட்டுச் சுண்ணாம்பைப் பற்றத் தொடங்கும், டி.டி.பி.ஏ. 7 வரையிலும், ஈ.டி.டி.எச்.ஏ. 9 வரையிலும் தாங்கும். பையின்மேல் எவ்வகை என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாராமல் வாங்கலாகாது.

தாமிரத்தையும் மறத்தலாகாது. இலைத்துரு நோய்க்காக ஆண்டுதோறும் தெளிக்கும் போர்டோ கலவையிலுள்ள தாமிரம் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். அது மிகுந்தால் வேர் இரும்பை ஏற்கும் வலிமை குன்றும். அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்து ஆரஞ்சுத் தோட்டங்களில், தாமிரம் சேர்ந்துபோன புளிப்பு மணலில் மரங்கள் வெளுத்து நின்றன. இரும்புக் கீலேட்டை மண்ணிலிட்டு அவற்றைப் பசுமையாக்கிய செய்தியை ஸ்டூவர்ட், லெனார்டு என்போர் 1952-ல் வெளியிட்டனர். கீலேட் உரங்களுக்கு விவசாயத்தில் பெரும் பெயர் உண்டானது அதன் பின்னரே.

ஆதலால் முதலில் இலையை நன்கு நோக்குக. இளந்தளிர் முழுதும் வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சை வலைபோல் தெரிந்தால் இரும்புக் குறை. இலை குறுகி, கணுக்கள் நெருங்கி, நுனி கொத்தாகத் தோன்றினால் துத்தநாகக் குறை. நமது காப்பித் தோட்டங்களில் பெரிதும் காணப்படுவது இரண்டாவதே. மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புவதும் நன்று.

துத்தநாகக் குறைக்குச் சாதாரண துத்தநாக ஸல்பேட்டை இலைமேல் தெளிப்பதே பெரும்பாலும் போதுமானது. அதில் நூற்றுக்கு 21 பங்கு துத்தநாகம் உண்டு. கீலேட்டில் 12 பங்கே. 200 லிட்டர் நீரில் 1 கிலோ ஸல்பேட்டைக் கரைத்து, இலை கருகாதிருக்க அரைக் கிலோ நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து வடிகட்டிக்கொள்க. காப்பி இலையின் நுண்துளைகள் அடிப்புறத்தில் மட்டுமே இருப்பதால், காலை வேளையில் அடிப்புறம் நனையும்படி தெளித்தல் வேண்டும். கீலேட்டையே தெளிப்பதாயின் போர்டோ கலவையோடு சேர்த்தலாகாது. அது தாமிரத்தைக் கரைத்து இலையைக் கருக்கிவிடக்கூடும்.