உங்களுக்குத் தெரியுமா? நம் மலைக்கல்லில் ஓர் ஆங்கிலேயர் பெயர்

கடையநல்லூர், குற்றாலம் பக்கத்து மலைகளில் காணப்படும் கருநிறப் பாறைக்குச் 'சார்னோக்கைட்' என்று பெயர். 1690இல் கல்கத்தாவில் குடியேறிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக்கின் கல்லறைக்கல், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் கிடைக்கும் இதே வகைப் பாறை. அதை ஆராய்ந்து 1893இல் இப்பெயரை வைத்தவர் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து.

சார்னாக்கின் வம்சத்தைத் தேடுவோருக்கும் துப்பு சென்னையில்தான். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் 1689இல் அவருடைய மகள்கள் மேரி, எலிசபெத், கேத்தரின் மூவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். தாய் இந்தியப் பெண். மாமனாருக்குக் கல்லறை மண்டபம் எழுப்பியவர் மேரியின் கணவர் சார்லஸ் அயர். மகள்கள் வழியே போகும் வம்சம் இது. குடும்பப்பெயரை மட்டும் பிடித்துத் தேடினால் தடம் அறுந்துவிடும். சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.