நெஞ்சுப் படபடப்பும் நிச்சயமற்ற வருமானமும்

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க இறக்குமதி வரி 50 விழுக்காடாக உயர்ந்தபோது, திருப்பூர் பின்னலாடைத் தொழிலுக்கு நேரும் இழப்பு டாலரில் கணக்கிடப்பட்டது. நிறுத்தி வைக்கப்பட்ட ஆர்டர்களும் குறைக்கப்பட்ட ஷிப்டுகளும் செய்திகளாயின. இழப்பின் இன்னொரு பகுதி எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, விடியும்வரை விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருப்பவரின் உறக்கத்துக்கு ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் இடமில்லை.

இந்த வட்டாரத்துக்கு இது புதிதன்று. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் அனைத்தும் மூடப்பட்டன. 2016-இல் பணமதிப்பிழப்பு, அடுத்த ஆண்டு ஜிஎஸ்டி, பிறகு கரோனா, 2022-இல் கட்டுக்கடங்காத நூல் விலை. இவற்றில் எதையும் ஒரு சிறு ஜாப் ஒர்க் உரிமையாளரோ, பவர்டேபிள் தையல்காரரோ முன்கூட்டிக் கணித்திருக்க முடியாது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஃபிராங்க் நைட் 1921-இல் எழுதிய நூலில் இடர் வேறு, நிச்சயமின்மை வேறு என்று பிரித்துக் காட்டினார். நிகழ்தகவைக் கணக்கிட முடிந்தால் அது இடர். அதற்குக் காப்பீடு எடுக்கலாம். கணக்கிடவே முடியாதது நிச்சயமின்மை. நைட் அதில்தான் இலாபத்தின் ஊற்றைக் கண்டார். பல்லாண்டுகள் வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். அதே நிச்சயமின்மை மனித உடலில் என்ன செய்கிறது என்பது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

உடலுக்குள் ஓர் அபாய மணி இருக்கிறது. ஆபத்தை உணர்ந்த நொடியில் மூளை அதை அடிக்கிறது, அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு மேலெழுகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் ஒத்திவைக்கப்படுகிறது. பாம்பைக் கண்டு துள்ளி விலகுவதற்கு இந்த ஏற்பாடு மிகப் பொருத்தமானது. சிக்கல் என்னவென்றால், வங்கியிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புக்கும் இதே மணிதான் அடிக்கிறது. பாம்பு போய்விடும், தவணை போகாது. அடித்துக்கொண்டே இருக்கும் மணியோடு வாழ்பவர் கழுத்துவலி, வயிற்றெரிச்சல், மயக்கம், மறதி, எரிச்சல் ஆகியவற்றோடும் வாழ நேர்கிறது.

பதற்றம் எல்லாருக்கும் வரும், வரவும் வேண்டும். தேர்வுக்கு முன் கொஞ்சமும் பதறாத மாணவர் பெரும்பாலும் புத்தகத்தைத் திறக்காதவராகவே இருப்பார். கவலை ஆறு மாதங்களுக்கும் மேலாகப் பெரும்பாலான நாள்களில் நீடித்து, ஒன்று தீர்ந்தால் இன்னொன்றைப் பற்றிக்கொண்டு, அடக்க நினைத்தாலும் அடங்காமல், வேலையையும் உறவையும் உறக்கத்தையும் கெடுக்கும்போது அதனைப் பொதுப் பதற்றநோய் என்கிறது மருத்துவம். திடீரென எழுந்து சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, ‘செத்துவிடுவேன்’ என்ற அச்சத்தைக் கொடுத்துவிட்டு அடங்குவது பீதித் தாக்கு. நாலு பேர் முன்னால் நிற்கவே முடியாமல் போவதும், லிஃப்ட், பேருந்து, ஊசி என்று குறிப்பிட்ட ஒன்றுக்கு மிகையாக அஞ்சுவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. பெண்களிடம் இவை ஆண்களைவிட அதிகமாகக் காணப்படுகின்றன.

நம் ஊரில் இவற்றை யாரும் இந்தப் பெயர்களால் சொல்வதில்லை. ‘கேஸ்’ என்பார்கள், ‘பிரஷர்’ என்பார்கள், ‘ஒரே யோசனையா இருக்குது’ என்பார்கள். குழந்தையாக இருந்தால் ‘பயந்த கோளாறு’. மனத்தின் வலியை உடலின் மொழியில் சொல்வது அறியாமையன்று. வலி உண்மையிலேயே உடலில்தான் உணரப்படுகிறது. ஆனால் சொல்லும் சொல்தான் செல்லும் வழியைத் தீர்மானிக்கிறது. என்னிடம் படித்த ஒருவர் உடுமலைக்கு அருகே இருபது தையல் இயந்திரங்களோடு ஜாப் ஒர்க் செய்கிறார். நெஞ்சு அடைக்கிறது என்று ஒரே ஆண்டில் நான்கு முறை இரவில் மருத்துவமனைக்கு ஓடினார். ஒவ்வொரு முறையும் ஈசிஜி; பிறகு எக்கோ, டிரெட்மில், எண்டோஸ்கோபி. எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஒன்றுமில்லை என்ற சொல் அவருக்கு ஆறுதல் தரவில்லை. மாறாக, யாராலும் கண்டுபிடிக்க முடியாத நோய் தமக்கு இருப்பதாக நம்பத் தொடங்கினார். செலவழிந்த தொகையில் இரண்டு ஓவர்லாக் இயந்திரங்கள் வாங்கியிருக்கலாம் என்றார். ஐந்தாவது முறை பணியிலிருந்த இளம் மருத்துவர் ஒருவர் பத்து நிமிடம் உட்கார வைத்துப் பேசி, மனநல மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறார்.

முதல் ஈசிஜி வீண் என்று யாரும் கருதிவிடக் கூடாது. நெஞ்சுவலி முதன்முறை வரும்போது அதை இதயத்தின் சிக்கலாகவே கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போவதுதான் முறை. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் படபடப்பு, நடுக்கம், வியர்வை எல்லாம் வரும். இரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு, சில ஆஸ்துமா மருந்துகள், அளவு மீறிய காபி, தேநீர் ஆகியவையும் பதற்றத்தைப் போலவே தோற்றம் காட்டும். இரவு ஷிப்டில் ஏழெட்டுத் தேநீர் குடிப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் உரிய பரிசோதனைகள் ஒருமுறை முடிந்து உடல் காரணம் இல்லை என்று தெளிந்த பின்னும் அதே பரிசோதனைகளை மருத்துவமனை மாற்றி மருத்துவமனை திரும்பத் திரும்பச் செய்வது பதற்றத்துக்குத் தீனி போடுவதாகும். ஒவ்வொரு முறையும் கிடைக்கும் நிம்மதி சில நாள்களே நிற்கும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் ஏறத்தாழ 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. பதற்றம், மனச்சோர்வு போன்ற பொதுவான கோளாறுகள் உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை. 2017-ஆம் ஆண்டுக்கான மற்றொரு மதிப்பீட்டின்படி பதற்றநோய் உள்ள இந்தியர்கள் சுமார் 4.5 கோடிப் பேர்.

பணத்துக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த புகழ்பெற்ற ஆய்வுகளில் ஒன்று நம் மாநிலத்தில்தான் நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய நாள்களில் கவனமும் தர்க்கத் திறனும் குறைந்திருந்தன. கரும்புப் பணம் வந்த பிறகு அதே விவசாயி கூர்மையாகச் செயல்பட்டார். 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த இந்த ஆய்வு, அறிவுக் குறைவால் வறுமை என்று பேசுவோர் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் பார்க்கிறார்கள் என்பதை உணர்த்தியது. அதே இதழில் 2020-இல் வந்த இன்னொரு கட்டுரை, ஒரு சமூகத்தின் மிகக் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மிக உயர்ந்த பிரிவினரைப் போல் ஒன்றரை முதல் மூன்று மடங்குவரை காணப்படுவதை எடுத்துக்காட்டியது. கடன் பதற்றத்தை வளர்க்கிறது. பதற்றம் முடிவெடுக்கும் திறனைக் குலைக்கிறது. தவறான முடிவு மேலும் கடனைக் கொணர்கிறது.

ஆகவே, எல்லாவற்றையும் மாத்திரையால் தீர்த்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. சிறு தொழில் நிறுவனங்களுக்கு 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தராவிட்டால் அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டமும் 2024 முதல் நெருக்குகிறது. 120 நாள் கழித்து வரும் காசோலைக்காகக் காத்திருப்பவருக்கு அந்தச் சட்டப் பிரிவு ஒழுங்காகச் செயல்படுவதும் ஒரு மனநல நடவடிக்கையே. ஆனால் காசோலை வந்த பிறகும் அபாய மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தால், அதற்குத் தனி மருத்துவம் தேவை.

அந்த மருத்துவத்துக்கு இரண்டு வழிகள். ஒன்று பேச்சுவழிச் சிகிச்சை. அதிலும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. இது அறிவுரை கூறுவதன்று. ‘தைரியமாக இரு’ என்பதும் அன்று. ‘பையர் இன்று பதில் அனுப்பவில்லை, ஆர்டர் போய்விட்டது, கம்பெனியை மூட வேண்டியதுதான்’ என்று மனம் மூன்றே தாவலில் முடிவுக்குப் போகிறது. ஒவ்வொரு தாவலையும் எழுதி வைத்து, அதற்குச் சான்று உண்டா, வேறு காரணம் இருக்கலாமா, அப்படியே நடந்தாலும் அடுத்து என்ன செய்வோம் என்று சோதிக்கப் பழக்குகிறார்கள். அஞ்சி ஒதுக்கிய இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்பிச் செல்லவும் பயிற்சி உண்டு. பேருந்தில் பீதித் தாக்கு வந்தவர் பேருந்தையே தவிர்க்கிறார். தவிர்க்கத் தவிர்க்க அச்சம் பெருக்கிறது. முதல் வாரம் நிறுத்தத்தில் நின்றுவிட்டுத் திரும்புவது, அடுத்த வாரம் ஒரு நிறுத்தம்வரை பயணம், பிறகு பல்லடம்வரை என்று போகும்போது, படபடப்பு ஏறி உச்சம் தொட்டுத் தானே இறங்குவதை உடல் கற்றுக்கொள்கிறது. வழக்கமாக 8 முதல் 16 அமர்வுகள் தேவைப்படும்.

இன்னொரு வழி மருந்து. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை பொதுவாக முதலில் தரப்படுபவை. இவை அடிமையாக்கும் மருந்துகள் அல்ல. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். முதல் சில நாள்கள் பதற்றம் சற்றுக் கூடுவதும் உண்டு. பலரும் அந்த நாள்களிலேயே ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று கைவிட்டுவிடுகிறார்கள். நலமான பிறகும் ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை தொடர்ந்து, மருத்துவர் சொல்லும் முறைப்படி மெல்லக் குறைக்க வேண்டும். மிதமான நிலைக்குப் பேச்சுவழிச் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். கடுமையான நிலையில் இரண்டும் சேர்ந்து வேண்டியிருக்கும்.

எனக்கு உண்மையான கவலை தருவது மூன்றாவது வகை. அல்பிரசோலம், குளோனாசிபாம், டயசிபாம் ஆகியவை விழுங்கிய சிறிது நேரத்திலேயே படபடப்பை அடக்கிவிடும். அதனாலேயே ‘தூக்க மாத்திரை’ என்ற பெயரில் பழைய சீட்டை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவோர் இருக்கிறார்கள். சில வாரங்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே பயன்படுத்த வேண்டியவை இவை. நாள்பட்டால் அதே அளவு போதாமல் போகும், திடீரென நிறுத்தினால் பதற்றம் முன்னைவிட மோசமாகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சடங்கும் ஆபத்து உண்டு. அல்பிரசோலம் எச்1 பட்டியலில் இருப்பதால், மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். விதி தெளிவாகவே இருக்கிறது. மாலையில் அரைக் குப்பியோடு உறங்கப் போகும் ஆண்களும் மருந்துக்கடைக்குப் போகாமலே இதே தவறைத்தான் செய்கிறார்கள். மது இறங்கும் விடியற்காலையில் பதற்றம் வட்டியோடு வரும்.

யாரிடம் போவது என்பதிலும் குழப்பம் உண்டு. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதக் கூடியவர். மருத்துவ உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்கிறாரா என்று கேட்பதில் தவறில்லை. ‘கவுன்சலிங்’ என்று பலகை வைத்த எல்லாரும் இந்த இரண்டில் ஒருவர் அல்லர். கோயிலுக்குப் போய் மந்திரித்துக் கொள்வதை நான் கேலி செய்ய மாட்டேன். மனம் கொஞ்சம் இளகும் இடம் எதுவாயினும் நல்லதே. மருந்தை நிறுத்தச் சொல்லும் இடமாக அது இருக்கக் கூடாது.

இந்தியாவில் ஒரு இலட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இதற்கு வழி கோவாவில் காட்டப்பட்டது. மனநல அறிஞர் விக்ரம் பட்டேல் குழுவினர் உள்ளூர்க்காரர்களுக்குச் சில வாரப் பயிற்சி அளித்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களாக அமர்த்தினார்கள். அரசு நிலையங்களில் அவர்களது கவனிப்பைப் பெற்றவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் கூடுதலாக நலமடைந்ததை 2010-இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. ஜிம்பாப்வேயில் பாட்டிமார் மருத்துவமனை வளாகத்து மர பெஞ்சில் அமர்ந்து இதே பணியைச் செய்கிறார்கள். அங்கும் நோயின் பெயர் ‘மிகையான யோசனை’ என்று பொருள்படும் சொல்தான். தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளோடு வீடு வீடாகப் போகிறார்கள். கடந்த இரண்டு வார மனநிலையைப் பற்றி ஏழே கேள்விகள் கொண்ட ஜிஏடி-7 படிவம் தமிழிலும் உண்டு. நிரப்ப ஐந்து நிமிடம் போதும். 10 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவரிடம் அனுப்பலாம். அந்தத் தாளும் அவர்கள் பையில் இடம்பெறத் தடை என்ன?

உலக அளவில் பதற்றத்தாலும் மனச்சோர்வாலும் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாள்கள் வீணாகின்றன என்றும், சிகிச்சைக்குச் செலவிடும் ஒரு டாலர் நான்கு டாலராகத் திரும்புகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. நாட்டுக்கு இலாபம் சரி. ஒரு செக்கிங் தொழிலாளிக்கு? புறநோயாளிப் பிரிவு காலையில் நடக்கிறது; ஷிப்டும் காலையில்தான். பத்து அமர்வு என்றால் பத்து நாள் கூலி. 2017 மனநலச் சட்டம் மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தரச் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுத்துச் சிகிச்சை பெறுவதற்கே பணம் தருகின்றன. பதற்றநோயரில் மிகப் பெரும்பாலோர் படுக்கையில் சேர்வதேயில்லை. மாதம் 21,000 ரூபாய்வரை ஊதியம் பெறுபவர்களை உள்ளடக்கும் இஎஸ்ஐ மருந்தகங்களில், சனிக்கிழமைச் சம்பளத்துக்கு மறுநாளான ஞாயிற்றுக்கிழமையிலோ மாலை ஏழு மணிக்கு மேலோ வாரம் ஒருமுறை மனநலப் பிரிவு நடத்தினால், கூட்டம் வருமா என்று ஓராண்டு சோதித்துப் பார்க்கலாம். மில் விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்களுக்கு அதுவும் எட்டாது. அங்கே மருத்துவக் குழுதான் போக வேண்டும்.

இப்போதைக்கு இருப்பவை இவை: மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் ஆலோசனையும் மருந்தும் இலவசம். எந்த நாளில் மனநல மருத்துவர் வருகிறார் என்று புறநோயாளிச் சீட்டு வழங்கும் இடத்தில் கேட்டால் சொல்வார்கள். திருப்பூரில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெளியே போக இயலாதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ் உள்ளிட்ட 20 மொழிகளில் பேசுகிறார்கள் என்பதால், ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து இங்கே ஊசியிழை பிடிப்பவர்களும் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் இரவா பகலா என்று பார்க்காமல் உடனே அழைக்க வேண்டும். அல்லது அருகிலுள்ள அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அந்த எண்ணை வருகைப் பதிவேடு மாட்டியிருக்கும் சுவரில் எழுதி வைப்பதற்குக் கம்பெனிகளுக்கு ஆகும் செலவு ஒரு மார்க்கர் பேனா.